புதுப் பூட்டும் ஒரு துண்டுச் சீட்டும்

பூட்டை உடைத்துவிட்டு, உடைத்த இடத்திலேயே புதுப் பூட்டு ஒன்றைச் சாவியோடு தொங்கவிட்டுப் போகிற ஆளை என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். பூட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் கட்டியிருக்கும். ‘உங்கள் நாயை நான் கொண்டு போகிறேன். வெயிலில் தண்ணீர் வைக்காமல் கட்டிப் போட்டிருந்தீர்கள். மூன்று முறை வந்து சொல்லிப் பார்த்தேன். பேச வேண்டுமானால் கூப்பிடுங்கள்.’ இது தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. கீழே அவருடைய முழுப் பெயர், கைப்பேசி எண், வேலை முடியும் நேரம். தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும், வேலை முடிவதற்கு முன்னால் கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் சலித்துப் போகக் கூடாது என்பதற்காக அந்த நேரம்.

அவர் பினாங்குத் தீவில், பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தார். அதே தொழிற்சாலையின் மேல்மாடியில், கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொள்ளும் வர்க்கத்தில், நான் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். அவரைவிட வயதில் மூத்த மேலாளர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, அதன் கூடையில் எப்போதும் சோறும் கோழிக்கழுத்தும் பிசைந்த ஒரு வாளி. மழையோ வெயிலோ, இறங்கிய பிறகும் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து பேசிக்கொண்டே இருப்பார்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஒரு பெண் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நான் எதிலும் தீவிரமாக இல்லை என்பது அவள் சொன்ன காரணம். ஆகவே தீவிரமாக இருப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் முகமூடி போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடங்களுக்குள் புகுந்து முயல்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் காணொளிகள் கண்ணில் பட்டன. மறுநாளே இணையத்தில் கறுப்பு முகமூடி ஒன்று வாங்கிவிட்டேன். முயல்களைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

தொழிற்சாலை வாசலில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அக்காவைப் பார்த்து நானே போய்ப் பேசி, வாட்சாப்பில் ஒரு குழு தொடங்கினேன். பெயர் ‘கூண்டுடைப்போர் படை’. படையில் ஐந்து பேர். ஒருவர் காலை வணக்கப் பூக்கள் மட்டும் அனுப்புவார். இன்னும் இருவர் அந்தப் பூக்களுக்குக் கைகூப்புவார்கள். மிச்சம் அக்காவும் நானும்.

எங்கள் முதல் தாக்குதல் ஒரு கார் பட்டறையின் பின்புறக் கூண்டு. அதில் ஒரு வெள்ளை நாய் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. நான் வரைபடம் எல்லாம் போட்டு, மூன்று மணி என்று நேரம் குறித்தேன்.

“மூணு மணி சரிதான்” என்றார் அக்கா. “மத்தியானம் மூணு. ஞாயித்துக்கெழம பட்டறை அடைப்பு. அக்கம் பக்கத்துல ஆளுங்க இருப்பாங்க, பாக்கட்டும்.”

“அக்கா, நான் சொன்னது விடியக்காலை மூணு.”

“அந்நேரத்துல போனா திருடன்னு நெனச்சு அடிப்பாங்க தம்பி. அடிக்கறதும் நியாயம்தானலா.”

ஆகவே பட்டப்பகலில் போனோம். நான் முகமூடி போட்டிருந்தேன். மூச்சுக்காற்று மேலே ஏறி மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கூண்டு எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் என்னைப் பார்த்து, “சாக்கிட் கா?” என்று பரிவோடு கேட்டார். உடம்பு சரியில்லையா என்கிறார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா அதற்குள் பூட்டை வெட்டி, நாயை எடுத்து, புதுப் பூட்டை மாட்டி, சீட்டைக் கட்டி, கிழவருக்கும் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். கிழவர் நாய்க்கு ஒரு ரொட்டித் துண்டு கொடுத்தார்.

அன்று மாலையே பட்டறைக்காரர் கூப்பிட்டார். பத்து நிமிடம் கத்தினார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் தான் பேசினார். அடுத்த வாரம் மனிதர் அக்கா வீட்டுக்கு நாயைப் பார்க்க வந்தார், திருப்பிக் கேட்கவில்லை. புதுப் பூட்டு பழையதைவிட நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. நான் பார்த்த காணொளிகளில் எதிரி இப்படி நடந்துகொண்டதே இல்லை.

அக்காவிடம் இருந்தது ஒரே கொள்கை. எவ்வளவு பெரிய காரியமும் செய், சட்டத்தை மீறக்கூடச் செய், ஆனால் செய்தவன் நான் என்று எதிராளியின் எதிரில் நின்று சொல். “மூஞ்சியப் பாத்துச் சொல்லு” என்பதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். கடைக்காரன் மீதியைக் குறைத்துக் கொடுத்தாலும், மேலாளர் விடுப்பு தராவிட்டாலும் அதே வார்த்தைதான். நான் அதைப் படிப்பில்லாதவர்களின் அப்பாவித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். தலைமறைவாக இயங்குவது ஓர் உயர்ந்த நிலை என்று எனக்கு எண்ணம். தலைமறைவாக இருந்தால்தான் தண்டனை கிடைக்காது என்கிற சின்ன வசதியை நான் கவனிக்காதவன் மாதிரி இருந்தேன்.

அடுத்து உண்ணாவிரதம். அதுவும் என் யோசனைதான். தைப்பூசத்துக்கு முன்னால், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலைகளில் நாய் பிடிக்கும் குத்தகைக்காரர்களின் லோரி தினமும் சுற்றத் தொடங்கியிருந்தது. பிடித்த நாயை யாரும் கேட்டு வராவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அதை எதிர்த்துச் சாலையோரம் உட்காருவோம் என்றேன். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியட்டும் என்று எல்லாருக்கும் மஞ்சள் சட்டை அடித்தேன். மஞ்சள்தான் கண்ணில் முதலில் படும் நிறம் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழன் ஒருவன், தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், மஞ்சள் சட்டையோடு பட்டினியாக உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. முதல் நாளே ஓர் அம்மாள் செம்பில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். ஒரு பெரியவர் எத்தனை நாள் விரதம், காவடியா பால்குடமா என்று விசாரித்தார். நான் எழுந்து நின்று மிருக உரிமையைப் பற்றி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நேத்திக்கடன் எதுவா இருந்தாலும் நல்லபடியா முடியும் தம்பி” என்றார். மாலையில் ஒரு தாய் கைக்குழந்தையை என்னிடம் நீட்டித் திருநீறு பூசச் சொன்னாள். பூசினேன். வேறு என்ன செய்வது.

இரண்டாம் நாள் மத்தியானம், கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லி மாமாக் சாப்பாட்டுக் கடையில் பருப்புக் குழம்போடு இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அக்கா என் சட்டையைப் பார்த்தார். மஞ்சள் சட்டையில் பருப்புக் குழம்பு தெரியாது என்று நம்பியிருந்தேன்.

“பசிச்சதா தம்பி?”

“இல்லக்கா, லேசா மயக்கம்.”

“சாப்ட்டா தப்பில்ல. போர்டுல எழுதிடு.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் எழுதுகோலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே எங்கள் பலகையில் ‘உண்ணாவிரதம் - இரண்டாம் நாள்’ என்பதற்குக் கீழே, என் கையெழுத்திலேயே, ‘ஒருவர் சாப்பிட்டுவிட்டார்’ என்ற வரி சேர்ந்தது. உலகத்தில் எந்தப் போராட்டத்தின் பலகையிலும் அப்படி ஒரு வரி இருந்திருக்காது.

அந்த வரியைப் படித்துத்தான் நாய் லோரி நின்றது. ஓட்டுநர் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். தாடி, கழுத்தில் மாலை, அவருக்கும் மஞ்சள் துண்டு. காவடி எடுக்க விரதம் இருக்கிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் முன்னால் கைகூப்பி நின்று, யார் அந்த ஒருவர் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பலகைக்குப் பின்னால் போய், அவரைப் படம் எடுப்பதில் மும்முரமானேன்.

அக்காவும் அவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிடிப்பதுதான் தன் வேலை, ஊசி போடுவது தன் கையில் இல்லை, பிடித்ததைக் கணக்குக் காட்டாவிட்டால் வேலை போய்விடும், மனைவி இன்ன இடத்தில் ஒட்டுக்கடை போட்டு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறாள், அந்த வருமானம் போதாது என்றார். மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னார். கடைசியில் அக்கா தன் சீட்டு ஒன்றை அவரிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு குட்டியோடு ஒரு தாய் நாய் மாட்டினால், கழுத்துப் பட்டை உள்ள நாய் மாட்டினால், அவர் முதலில் அக்காவைக் கூப்பிடுவார். அக்கா போய்ப் பெயர் கொடுத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துவருவார். வாரம் ஒன்றாவது வந்துகொண்டிருந்தது. நாங்கள் கூண்டு உடைத்துக் காப்பாற்றியதைவிட அந்த மனிதரின் கைப்பேசி காப்பாற்றியதுதான் அதிகம். நான் இதைச் சமரசம் என்று குழுவில் எழுதினேன். எதிரியோடு கைகுலுக்கும் இயக்கம் செத்துப்போன இயக்கம் என்றும் எழுதினேன். பூக்காரர் அதற்கும் ஒரு பூ அனுப்பினார்.

தொழிற்சாலை வாசலில் அக்கா சோறு வைத்து, கழுத்துப் பட்டை கட்டி வளர்த்த நாய்களில் கறுப்பி என்று ஒன்று. அவர் மோட்டார் சத்தம் கேட்டால் காவலாளிக்கு முன்னால் அதுதான் எழும். ஒரு நாள் காலையில் கறுப்பியை லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். எனக்குச் சாயங்காலம்தான் காவலாளி சொன்னார். நான் காரை எடுத்துக்கொண்டு நாய்க் கொட்டகைக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சாக்கு மட்டும் கிடந்தது.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது, அதை இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் அழுகையோடு கூடவே, கடைசியில் எனக்கும் ஒரு தருணம் வந்துவிட்டது என்ற ஒரு கிளர்ச்சியும் இருந்தது. அக்காவைக் கூப்பிடாமலே அந்த லோரிக்காரர் கறுப்பியைக் கொண்டுபோய்விட்டார் என்று முடிவு கட்டினேன். காரிலேயே உட்கார்ந்து, ‘நீதியின் நிழல்’ என்ற பெயரில் நான் வைத்திருந்த பொய்க் கணக்கைத் திறந்தேன். உண்ணாவிரதத்தில் எடுத்த படத்தைத் தேடினேன். அதில் அவர் கைகூப்பி நின்றிருந்தார். கையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். ‘துரோகி, கொலைகாரன்’ என்று எழுதி, லோரி எண்ணையும் மனைவியின் ஒட்டுக்கடை இருக்கும் இடத்தையும் போட்டேன். ‘என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்’ என்று முடித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்த வாக்கியம் பார்க்க நன்றாக இருந்தது.

ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

“தம்பி, அந்த அண்ணே நாலு தடவ கூப்ட்டிருக்காரு. காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு. போன் லாக்கர்ல கெடந்திருக்கு. அவரால வேற என்னா பண்ண முடியும். நாந்தான் எடுக்கல.”

நான் மேல்மாடிக்காரன். என் கைப்பேசி நாள் முழுக்க மேசைமேல் இருந்தது. கீழே இருக்கிறவர்கள் கைப்பேசி இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். கோபத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. பதிவைப் பற்றி நான் அக்காவிடம் சொல்லவில்லை. உடனே அழிக்கவும் இல்லை. அது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. என்னை எதிலும் தீவிரம் இல்லாதவன் என்று சொன்ன அந்தப் பெண்ணே ‘பகிருங்கள்’ என்று பகிர்ந்திருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும் என்று விட்டேன். அழித்தபோது அது என் கையை விட்டுப் போயிருந்தது.

மறுநாள் காலை அந்த ஒட்டுக்கடை முழுக்கச் சிவப்புச் சாயம். பலகை, நாற்காலி, சோறு வைக்கும் கண்ணாடிப் பெட்டி எதுவும் தப்பவில்லை. பூட்டை உடைத்து உள்ளே இருந்த பாத்திரங்களை வடிகாலில் எறிந்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. முகம் தெரியாதவன் எழுதினான், முகம் தெரியாதவர்கள் வந்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்தது யார் என்று அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? என்னை ஒன்றும் கேட்கவில்லை. விடுப்புப் போட்டுவிட்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனார். இது எங்கள் குழு ஆள் போட்டது, பொறுப்பு என்னுடையது, ஆள் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரே வந்து சொல்லுவார் என்று தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தாராம். மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். அங்கிருந்து கடைக்குப் போய், தின்னரும் துணியுமாகத் தரையில் உட்கார்ந்து சாயத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். தலைக்கவசம் தலையிலேயே இருந்தது.

இதை நான் எப்படிப் பார்த்தேன் என்றால், எதிர்ப்புறச் சாலையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முக்கால் மணி நேரம் பார்த்தேன். முகமூடி வண்டியிலேயே இருந்தது. போடத் தேவைப்படவில்லை. பிறகு குழுவில் இரண்டு கைகூப்பும் படங்களை அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

அந்த மனிதர் லோரி வேலையை விட்டார், கைப்பேசி எண்ணை மாற்றினார். அவர் இடத்துக்கு வந்தவர் யாரையும் கூப்பிடுவதில்லை. அதன் பிறகு எந்தத் தாய் நாயும் அக்காவிடம் வரவில்லை. என் தீவிரம் சாதித்தது இதுதான். தொழிற்சாலையில், போலீஸ் வரை போன விவகாரம் என்று அக்காவின் லைன் லீடர் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை அச்சடித்த பிரிண்டர் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காகிதம் சிக்கிக்கொண்டது, நான்தான் எடுத்துவிட்டேன்.

சில வாரம் கழித்து மோட்டார் நிறுத்தும் இடத்தில் அக்கா என்னை நிறுத்தினார். ஜொகூர் பக்கம் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்றார்.

“அக்கா, அது வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“எங்கிட்ட சொல்லாத தம்பி. எனக்கு என்னா பண்ணுன நீ? பண்ணுனது அவங்களுக்கு.” கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே புதுப் பூட்டு, சாவி, ஒரு வெற்றுச் சீட்டு. “உடைச்சவன்தான் மாட்டணும். இத நான் மாட்ட முடியாது.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டு வாங்கியதோடு கணக்குத் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பேன்.

பொட்டலத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். வேலை மாறினேன், கல்யாணம் ஆனது, வீடு மாறினோம், மேசையும் கூடவே வந்தது. நண்பர்களிடம் உண்ணாவிரதக் கதையைச் சொல்வேன், திருநீறு பூசியது வரைக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். லோரிக்காரர் வரும் இடத்தில் நிறுத்திவிடுவேன். அக்காவை நினைத்தால், ஜொகூரில் ஏதோ ஒரு பூட்டுக் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொள்வேன். கூப்பிட்டதில்லை. எண் அந்தப் பழைய சீட்டுகளில் எல்லாம் இருந்தது, என் கைப்பேசியிலும் இருந்தது.

போன மாதம் ஒரு காரியம் நடந்தது. சந்தைப் பூனை ஒன்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட்டேன். தீவிரமெல்லாம் போய் எனக்கு மிஞ்சியிருக்கும் சேவை இவ்வளவுதான். நான் கூண்டைத் திறந்து பூனையை விடுவதை யாரோ படம் எடுத்து, ‘பூனையை வீசிவிட்டு ஓடும் ஈரமில்லாதவன்’ என்று கார் எண்ணோடு போட்டுவிட்டார்கள். என் மனைவியின் அலுவலகம் வரைக்கும் போனது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் என் கையை வெட்ட வேண்டும் என்றார்கள். போட்டவரின் கணக்கில் முகம் இல்லை, பெயர் இல்லை. இரண்டு நாள் நான் தூங்காமல் ஒன்றைத்தான் விரும்பினேன். அந்த ஆள் என் எதிரில் வந்து ஒரு தடவை நிற்க வேண்டும். அடிக்க அல்ல, பார்க்க.

மூன்றாம் நாள் காலையில் இழுப்பறையைத் திறந்தேன்.

கடை அதே இடத்தில்தான் இருந்தது, கொஞ்சம் பெரிதாகி, மேலே தகரக் கூரையோடு. பலகையின் ஒரு மூலையில், ஆணியைச் சுற்றி, இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது. லோரிக்காரரின் மனைவி வாழையிலையில் சோறு மடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறையும் வரை நின்றேன். குறைந்த பிறகும் நின்றேன்.

“பொங்குஸா, இங்கயே சாப்டறீங்களா?” பொட்டலம் கட்டவா என்கிறார்.

பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். பூட்டு லேசாகத் துருப்பிடித்திருந்தது. “அக்கா, எட்டு வருசத்துக்கு முன்னால உங்க கடைல சாயம் ஊத்துனாங்களே…” என்றேன்.

அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்துக்கொண்டிருந்த இலையை மடித்து முடித்தார்.

“தேச்சுக் கழுவுன அக்கா அன்னைக்கே சொல்லிட்டுப் போனாங்க. செஞ்சவன் ஒரு நாள் பூட்டோட வருவான், கொஞ்சம் லேட்டாவும், வந்தா திட்டாதீங்கன்னாங்க.” இலைப் பொட்டலத்தை அடுக்கில் வைத்தார். “கொஞ்சம்னுதான் சொன்னாங்க. எட்டு வருசம்னு சொல்லல.”

“மன்னிச்சிருங்கக்கா. நான்தான்…”

“எங்கிட்ட சொல்லி என்னா,” என்றார். “அவரு பின்னால பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்காரு. போயி மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

கடையைச் சுற்றிப் பின்பக்கம் போக ஏழெட்டு அடிதான். அவர் சிறு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி இல்லை, தலை நரைத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, நுரைக்கையைக் கால்சட்டையில் துடைத்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அன்று நான் பலகைக்குப் பின்னால் இருந்தேன். பூட்டை முன்னால் நீட்டி, முதலில் என் முழுப் பெயரைச் சொன்னேன்.